மணக்கும் தைலத்தில் மறைந்துள்ள நஞ்சு

தலைவலி என்றாலும் தைலம், கால் சுளுக்கென்றாலும் தைலம் என்பது நம் இல்லங்களில் நெடுநாள் வழக்கம். வலித் தைலப் புட்டியைத் திறந்தவுடன் கர்ப்பூர நெடியோடு கலந்து இனியதொரு மணமும் எழுவதை நாம் அறிவோம். பல தைலங்களில் அம்மணத்தைத் தருவது மெதயில் சலிசிலேற்று என்னும் பொருளாகும்.

அமிலமொன்றும் அற்ககோலொன்றும் கூடி, நீரை நீக்கி உண்டாகும் சேர்வையை எசுத்தர் என்பர் இரசாயன நூலார். வாழைப்பழத்தின் மணத்திலும் அன்னாசியின் மணத்திலும் பெரும்பங்கு எசுத்தர்களுக்கே உரியது. நாம் கூறும் எசுத்தர் வட அமெரிக்கக் காடுகளில் வளரும் 'வின்ரர்கிரீன்' என்னும் சிறு செடியின் எண்ணெயிலிருந்து அறியப்பட்டது. அவ்வெண்ணெயை 1843 ஆம் ஆண்டளவில் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்ற் கவூர், அது சலிசிலிக் அமிலமும் மெதயில் அற்ககோலும் இணைந்ததெனக் கண்டார். இச்செடியின் உறவினங்கள் நீலகிரியிலும் நுவரெலியா மலைகளிலும் உள. எனினும், இன்று விற்பனைக்கு வருவதிற் பெரும்பகுதி ஆலைகளிற் செய்யப்படுவதே.

இது நிறமற்ற எண்ணெய் போன்ற திரவம், நீரில் அமிழும், ஏறத்தாழ 222 பாகை செல்சியசிற் கொதிக்கும். செடிகளுக்கு இஃது எச்சரிக்கை மொழியாகவும் பயன்படுகின்றது. வைரசு நோய் பற்றிய புகையிலைச் செடி இதனைக் காற்றில் வெளிவிட, அயற்செடிகள் தம் எதிர்ப்பாற்றலைப் பெருக்கிக்கொள்கின்றன என்பதை 1997 இல் ஆய்வாளர் வெளியிட்டனர்.

தோலிற் பூசினால் இளஞ்சூடு உண்டாகி வலி தணிகின்றது. மிகச் சிறிய அளவில் பற்பசைக்கும் வாய்கொப்பளிக்கும் நீருக்கும் இது சுவையூட்டுகின்றது. ஆனால், தூய எண்ணெயாக வயிற்றினுட் சென்றால் இதுவே கொடிய நஞ்சாகும். அஸ்பிரினும் இதுவும் ஒரே குடும்பத்தவை. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லிலீற்றர் தூய எண்ணெய், 300 மில்லிகிராம் அஸ்பிரின் மாத்திரைகள் 20 இற்கும் மேற்பட்டவற்றுக்கு ஈடாகும். அதனிலும் குறைந்த அளவே சிறு குழந்தையின் உயிரைப் போக்கப் போதுமானது. இனிப்புப் பண்டம் போன்ற மணமே குழந்தையை ஏமாற்றி விடுகின்றது.

ஆகவே, தைலப் புட்டியைத் தலையணை அருகே வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவோம். குழந்தையின் கைக்கெட்டாத அலுமாரியிற் பூட்டி வைப்போம். புண்ணிலும் வெடிப்பிலும் பூசலாகாது. பூசிய இடத்தில் ஒத்தடமும் கொடுக்கலாகாது. சூட்டினால் மருந்து உடலுள் மிகுதியாக ஊறும். குருதி உறையாதிருக்க வார்பரின் மருந்து உண்போர் வைத்தியரைக் கேட்டே பூசுதல் வேண்டும்.

குழந்தை தவறுதலாகக் குடித்துவிட்டால், வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, குறிகள் தோன்றுமட்டும் காத்திராது, புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். வாந்தி, விரைந்த மூச்சு, காதிரைச்சல் ஆகியன பின்னரே தோன்றக்கூடும். புட்டியிலுள்ள பெயரும் அளவும் வைத்தியருக்குப் பேருதவியாகும்.