வீட்டை இழுக்கும் கார்!

அமெரிக்காவில் லீவு விட்டால் போதும்... படுக்கை, அடுப்பு, பாத்ரூம் சகிதம் ஒரு குட்டி வீட்டையே காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். பெயர், டிராவல் டிரெய்லர்.

2,000 கிலோ டிரெய்லர் என்றால், அதன் மூக்கு காரின் கொக்கி மேல் 200 முதல் 300 கிலோ வரை அழுத்தும். ஸ்கூட்டர் கேரியரில் அரிசி மூட்டை வைத்தால் ஹாண்டில் லேசாகுமே, அதே கதைதான்! காரின் பின்பக்கம் குந்தும். முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். ஸ்டியரிங் சொன்ன பேச்சு கேட்காது; பிரேக்கும் சரியாப் பிடிக்காது.

இதற்குத்தான் 'வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்'. இரண்டு ஸ்பிரிங் கம்பிகள் நெம்புகோலாக நெம்பி, பாரத்தில் ஒரு பங்கை முன்சக்கரங்களுக்கும் டிரெய்லர் சக்கரங்களுக்கும் தள்ளிவிடும். கார் நிமிர்ந்துவிடும்.

ஆனால், சாமானையெல்லாம் டிரெய்லரின் வாலில் அடுக்கினால் அது பாம்பாக ஆடும். அதற்கு இந்தக் கம்பி மருந்தில்லை. காரின் இழுக்கும் சக்தியும் கூடிவிடாது. பாரத்தைப் பங்கு போடலாமே தவிர, குறைக்க முடியாது ஸார்!