பழங்கணினியும் காப்புப் படியும்

இந்நாளில் மாணவர் பலருடைய கையிலிருக்கும் மடிக்கணினி புதிதன்று. தமையனார் படித்து முடித்தபின் கொடுத்ததாகவோ, பிறரொருவர் ஆண்டதைக் குறைந்த விலைக்கு வாங்கியதாகவோ இருக்கும். நினைவகம் 2 அல்லது 4 ஜிபி. விண்டோஸ் 10க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. அதற்கு அடுத்ததோ இத்தகைய யந்திரத்தில் ஏறாது. ஆதலின் லுபுண்டு, சுபுண்டு, எக்ஸ்எஃப்சிஈ முகப்புடைய லினக்ஸ் மின்ட் என்னும் இலகுவான லினக்ஸ் வகைகளுள் ஒன்றை நிறுவிக்கொள்ளுகின்றனர். கணினி மறுபிறவி எடுத்ததுபோல ஓடத் தொடங்குகின்றது. அவ்வோட்டத்தைக் கண்ட மகிழ்ச்சியில் ஒரு விஷயம் மறந்து போகின்றது: இயங்குதளம் புதிதாயினும், உள்ளே சுழலும் வன்தட்டு பழையதே. மூன்றாண்டு உழைத்த ஆய்வேடு அத்தட்டின்மேல்தான் இருக்கின்றது.

ஆகவே காப்புப் படி வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த மென்பொருளைக் கொண்டு எடுப்பது என்பதே கேள்வி. இதற்கு விடை கூறுமுன், காக்க வேண்டியவை இரண்டு என்பதைத் தெளிந்துகொள்ளுதல் நலம். ஒன்று இயங்குதளம், மற்றொன்று நம்முடைய சொந்தக் கோப்புகள். முன்னது கெட்டால் ஒரு பிற்பகலில் மீண்டும் நிறுவிவிடலாம். பின்னது கெட்டால் எவரும் நமக்கு அதனை எழுதித் தரப்போவதில்லை.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் ஏமாற்றம் சிறிதன்று. லினக்ஸ் மின்டுடன் டைம்ஷிஃப்ட் என்னும் மென்பொருள் கூடவே வருகின்றது. டோனி ஜார்ஜ் என்பவர் இயற்றிய அதனை 2022 முதல் மின்ட் குழுவினரே பராமரித்து வருகின்றனர். ஒருமுறை அமைத்துவிட்டால் நாள்தோறும் தானே பதிவெடுத்து வைக்கும். புதுப்பிப்பு ஒன்று கணினியைக் கெடுத்துவிட்டால், முந்திய நாளின் நிலைக்கு மீட்டுத் தரும். மிக நல்ல கருவி. ஆயினும் ஹோம் என்னும் கோப்புறையை, அதாவது நம் எழுத்துகள் யாவும் இருக்கும் இடத்தை, அது தன் இயல்பில் விட்டுவிடும். டைம்ஷிஃப்ட் ஓடுகின்றது, எல்லாம் பத்திரம் என்று எண்ணியிருப்பவரிடம் ஆய்வேட்டின் படி ஒன்றுகூட இராது. அமைப்பை மாற்றி ஹோமையும் சேர்க்கலாமே எனின், அதுவும் தகாது. இயங்குதளத்தைச் சென்ற வாரத்திற்குத் திருப்பும்போது, இவ்வாரம் எழுதிய அத்தியாயமும் உடன் திரும்பிவிடும்! இயங்குதளத்திற்கு டைம்ஷிஃப்ட், கோப்புகளுக்கு வேறொன்று என்று கொள்ளுதலே முறை.

அவ்வேறொன்று யாது? தொடக்கநிலையினர் பலருக்கும் பரிந்துரைக்கப்படுவது தேஜா டூப். கேட்பவை மிகச் சில: எதனைக் காப்பது, எங்கே வைப்பது, எத்தனை நாளுக்கொருமுறை என்பனவே. கடவுச்சொல்லிட்டு மறைத்தும் வைக்கும். பிறர் கண்ணில் படலாகாத கோப்புகளை உடையார்க்கு அதுவே தக்கது. குறை யாதெனின், அது எடுத்து வைக்கும் படி நம் கோப்புகளின் உருவில் இராது. அம்மென்பொருளோ அதன் அடியில் உழைக்கும் கருவியோ இன்றித் திறக்கவொண்ணாது. கடவுச்சொல்லை மறந்தார்க்கு ஒன்றும் கிட்டாது. மேலும் அது க்னோம் முகப்புக்கென ஆக்கப்பட்டதாதலின், லுபுண்டு போன்றவற்றில் நிறுவும்போது க்னோமுக்குரிய துணைநூலகங்கள் சிலவற்றையும் அழைத்துக்கொண்டு வரும்.

யான் மேலாகக் கருதுவது பேக் இன் டைம் என்பதனை. 2008இல் தோன்றியது, க்யூடி முகப்புடையதாகலின் லுபுண்டுவோடு நன்கு பொருந்தும். உள்ளே வேலை செய்வது ஆர்ஸிங்க் என்னும் கருவி. ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கெரஸ் என்னும் இருவர் 1996இல் வெளியிட்டது. பேக் இன் டைம் எடுக்கும் ஒவ்வொரு பதிவும் தேதியிட்ட ஒரு கோப்புறையாக நிற்கும். சாதாரணமாகத் திறந்து பார்க்கலாம். அம்மென்பொருளே இல்லாத வேறொரு லினக்ஸ் கணினியிலும் படிக்கலாம். அல்லற்படும் நாளில் தொடக்கநிலையினருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

நாள்தோறும் முழுப் பதிவு என்றால் தட்டு நிரம்பிவிடாதோ எனலாம். நிரம்பாது. நம் கல்லூரி நூலகத்தில் ஒரு நூலுக்கு ஆசிரியர் பெயரால் ஓர் அட்டையும், பொருளால் ஓர் அட்டையும் இருந்தால், நூல் இரண்டாகிவிடுவதில்லை. அதுபோல, யூனிக்ஸ் வழிவந்த கோப்புமுறைகளில் ஒரே உள்ளடக்கத்திற்குப் பெயர்கள் பல இருக்கலாம். இதனை ஹார்ட் லிங்க் என்பர். மாறாத கோப்புக்குப் புதிய பதிவில் பெயர் மட்டுமே சேரும். மாறிய கோப்பு மட்டும் புதிதாக எழுதப்படும். பழைய பதிவொன்றை அழித்தாலும், வேறு பதிவில் பெயருள்ளவரை உள்ளடக்கம் அழியாது. எனினும் பெயர் பத்தாயினும் பொருள் ஒன்றே. அத்தட்டு பழுதானால் பத்து பதிவுகளும் ஒருங்கே போம். கணினியின் உள்ளேயே பதிவை வைப்பது ஆகாதென்பதற்கு வேறு காரணம் வேண்டுவதில்லை.

இன்னுமொன்று. கடையில் வாங்கும் பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும். அவற்றில் ஹார்ட் லிங்க் இயலாது. வெளித்தட்டு ஒன்றை ஈஎக்ஸ்டி4 முறையில் வடிவமைத்துக்கொள்க. வடிவமைக்கும்போது அதிலுள்ளவை யாவும் அழியும் என்பதை நினைவிற் கொள்க. நிறுவியபின் பட்டியலில் பேக் இன் டைம் இருமுறை தோன்றும். ரூட் என்று குறித்திராததையே திறக்க வேண்டும். தட்டைச் செருகியவுடன் பதிவெடுக்குமாறும் அமைக்கலாம். முதற்பதிவு மெல்லவே நடக்கும். பழைய யுஎஸ்பி 2.0 வழியே 50 ஜிபி செல்ல அரைமணிக்குக் குறையாது. பின்னர் வருவன விரைவில் முடியும்.

இணையச் சேமிப்பு இருக்கின்றதே என்பாருமுளர். ஒத்திசைவு வேறு, காப்பு வேறு. இங்கே அழித்த கோப்பு அங்கேயும் அழியும். சில நாள் குப்பைத்தொட்டியில் கிடக்குமாயினும், அந்நாள் கடந்தபின் இல்லை.

நிற்க. எடுத்த படி மீட்கத்தக்கதா என்று பார்த்தாலன்றி அது படியாகாது. கிட்லேப் என்னும் நிறுவனத்தார்க்கு 2017 ஜனவரி 31இல் நேர்ந்தது இதற்குத் தக்க சான்று. பொறியாளர் ஒருவர் இரவில் வேறொரு வழங்கியென்று எண்ணி முதன்மைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். காப்புக்கென ஐந்து முறைகள் வைத்திருந்தனர். ஐந்தனுள் ஒன்றும் உதவவில்லை. படிகள் இருக்கவேண்டிய இடம் வெறிதாயிருந்தது. பிழையை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் எவரையும் சென்றடையவில்லை. ஏறக்குறைய ஆறுமணி நேரத்திற்குமுன் ஒருவர் சோதனைக்காகத் தற்செயலாக எடுத்திருந்த பதிவைக் கொண்டே மீண்டனர். இவை யாவற்றையும் அவர்களே ஒளியாது எழுதி வெளியிட்டமை பாராட்டத்தக்கது.

வல்லுநர் பலர் கூடிய இடத்தில் நேர்ந்தது, தனியொரு மாணவர் அறையில் நேராதென்பது இல்லை. ஆதலின் மாதமொருமுறை இவ்வாறு செய்க. ஆய்வேட்டுக் கோப்புறைக்குள் வேண்டாத கோப்பொன்றை இட்டுப் பதிவெடுத்து, அதனை அழித்து, பேக் இன் டைமில் மீட்டெடுக்க. பின்னர் ஆய்வேட்டையே அப்பதிவிலிருந்து வேறோரிடத்திற்குப் படியெடுத்துத் திறந்து, கடைசிப் பக்கம் வரை செல்க. நேற்று எழுதிய வாக்கியம் அங்கே இருந்தால், தட்டை முறையாகக் கழற்றிக் கணினிப் பையில் அன்றி வேறொரு பெட்டியில் வைத்துப் பூட்டுக.