ரோமாபுரி இளைஞரின் முதல் நாட்கள்

வேற்று நாட்டில் வந்திறங்கிய ஒருவருக்கு முதல் சில நாட்கள் எப்படியிருக்கும் என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? நாங்கள் எண்ணிப் பார்த்ததேயில்லை, எங்கள் விடுதிக்கு வடமாநிலம் ஒன்றிலிருந்து ஓர் இளம் சகோதரி வந்து சேரும்வரை. அவருக்குத் தெரிந்த தமிழ் "வணக்கம்", "சாப்பிடு", "சும்மா இரு" ஆகிய மூன்றே. முதல் நாள் இரவு கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும். நம் தருமபுரிச் சீமையில் களியை யாரும் மெல்லுவதில்லை. உருட்டிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டும் என்பது பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். சகோதரியோ மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். நாங்கள் தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துச் சிரித்தோம். இன்று அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

மறு வாரம் நன்னெறி வகுப்பில் அருட்சகோதரி ஒருவர் எங்களுக்குச் சொன்ன வரலாறுதான் இக்கட்டுரை. பிறகு நூலகத்தில் தேடி இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டோம்.

இராபர்ட் தே நொபிலி 1577 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிறந்தவர். தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்தது இவரைத்தான். உயர்குடி, குடும்பத்தில் பாப்பரசராக இருந்தவரும் உண்டு, கர்தினாலும் உண்டு. மூத்த மகனாகிய இவர் துறவியாவதை வீட்டார் விரும்பவில்லை. இருந்தும் இயேசு சபையில் சேர்ந்து, 1604 ஏப்ரலில் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினார். அந்நாளில் சூயஸ் கால்வாய் ஏது? அது திறந்தது 1869-இல். ஆப்பிரிக்காக் கண்டத்தையே சுற்றிக்கொண்டு வர வேண்டும். மொசாம்பிக் அருகே கப்பல் சிதைந்து போயிற்று. வேறு கப்பலுக்குக் காத்திருந்து, 1605 மே 20 அன்று கோவா வந்து சேர்ந்தார். புறப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது! வந்ததும் நோயில் விழுந்தார். பிறகு கொச்சி, அதன்பின் முத்துக்குளித்துறை.

முத்துக்குளித்துறையில்தான் அவர் தமிழ் எழுத்தை முதன்முதல் கற்றார். அது நல்ல இடம். அங்கே பல ஆண்டுகள் உழைத்து 1600-இல் இறந்த அன்றீக்கு அடிகளார் 1578-இல் "தம்பிரான் வணக்கம்" என்ற சிறு நூலைக் கொல்லத்தில் அச்சிட்டிருந்தார். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அதுவே. ஆனால் அச்சு நூல்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் ஓலைச்சுவடி.

ஓலைச்சுவடியில் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் இப்போதுதான் அறிந்தோம். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். "க்" என்றும் "க" என்றும் வேறுபாடு இராது. எகரமும் ஏகாரமும் ஒன்றே போலிருக்கும். ஒகரமும் ஓகாரமும் அப்படியே. துணைக்காலும் ரகரமும் ஒரே கோடு. சொற்களுக்கிடையே இடைவெளியும் கிடையாது. மொழி தெரிந்தவர் ஓசையை நினைத்துப் படித்துவிடுவார். மொழியே தெரியாதவர் என்ன செய்வார்? யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டினால்தான் உண்டு. ஆக, அந்நாளில் தமிழ் கற்பதென்றால் புத்தகத்தைத் தேடுவதல்ல, மனிதரைத் தேடுவது. எங்களில் பலர் தேர்வுக்கு முந்தின நாள் மட்டும் இலக்கணத்தைத் திறப்பவர்கள். இதைப் படித்தபோது எங்களுக்கே ஒரு மாதிரி இருந்தது.

1606 நவம்பர் 15 அன்று நொபிலி அடிகள் மதுரை வந்தார். வயது இருபத்தொன்பது. அப்போது ஆண்டவர் முத்துக் கிருஷ்ணப்ப நாயக்கர். நாம் சுற்றுலாவில் அண்ணாந்து பார்த்த பெரிய தூண்களுள்ள மகாலை அவர் பார்த்திருக்க முடியாது, ஏனெனில் அதைக் கட்டிய திருமலை நாயக்கர் பட்டத்துக்கு வந்தது 1623-இல்தான்.

மதுரையில் அவருக்கு இடம் கொடுத்தவர் பெர்னாந்தஸ் அடிகளார் என்ற போர்த்துக்கீசியர். முன்னாளில் போர்வீரர், 1595 முதல் அங்கிருந்தவர். வணிகத்துக்காகக் கடற்கரையிலிருந்து வந்துபோகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்காக ஒரு சிற்றாலயம், பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் ஓர் இடம் ஆகியவற்றை நடத்திவந்தார். பதினோரு ஆண்டுகள் ஆகியும் மதுரை மக்களிடையே அவர் பேச்சு எடுபடவில்லை.

ஏன்? இங்கேதான் "பரங்கி" என்ற சொல் வருகிறது. கீழை நாட்டவர் ஐரோப்பியரைக் குறிக்க வழங்கிய சொல் அது. பரங்கிமலையிலும் இச்சொல் இருக்கிறது. நம் வீட்டுக் கூரைமேல் படர்ந்திருக்கும் பரங்கிக்காயிலும் இருக்கிறது. ஆனால் அக்கால மதுரையில் அது மதிப்பான சொல்லன்று. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், நாள்தோறும் குளிக்காதவர், தோற்காலணியோடு நடமாடுபவர் என்றே பொருள். அதைவிட வேடிக்கை, திருமுழுக்குப் பெற வந்தவரிடம் பரங்கிக் குலத்தில் சேருகிறாயா என்று கேட்கும் வழக்கமே இருந்ததாம்! விசுவாசத்தைக் கேட்பதற்குப் பதில் குலத்தைக் கேட்டால் யார் வருவார்கள்?

நொபிலி அடிகள் முதல் மாதங்களில் செய்த பெரிய வேலை, பேசாமல் கவனித்ததுதான் என்று நினைக்கிறோம். மக்கள் யாரைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள்? யார் சொன்னால் கேட்கிறார்கள்? சந்நியாசிக்கு இருக்கும் மதிப்பு செல்வனுக்குக்கூட இல்லை என்று கண்டார். கறுப்பு அங்கியையும் தோற்காலணியையும் விட்டார். காவி உடுத்தார், பாதக்குறடு அணிந்தார், கையில் கமண்டலம், தண்டு, நெற்றியில் சந்தனம். இறைச்சி, மீன், முட்டை, மது யாவும் நின்றன. ஒரு நாளைக்கு ஒரே வேளை சோறு, பால், கீரை, காய்கறி. பெர்னாந்தஸ் அடிகளாரின் வீட்டைவிட்டு உயர்சாதியார் வாழும் பகுதியில் ஒரு குடிசைக்குக் குடிபோனார். உரோமையின் மாளிகையில் வளர்ந்த பிள்ளை!

பெர்னாந்தஸ் அடிகளாரின் பள்ளி ஆசிரியர்தான் அவருக்குத் தமிழ் ஆசான். அவர் இந்து சமயத்தவர். பாடம் வாதமாக மாறிற்று. இறைவன், மறுபிறப்பு, உலகில் துன்பம் ஏன் என்று ஏறத்தாழ இருபது நாட்கள், நாளொன்றுக்குப் பல மணி நேரம் இருவரும் வாதாடினார்கள். முடிவில் ஆசிரியர் மாணவரிடம் திருமுழுக்குப் பெற்றார். ஆல்பர்ட் என்பது அவர் புதுப்பெயர். இருபது நாளும் இலக்கணம் எங்கே போயிற்று என்று எங்கள் தோழி ஒருத்தி கேட்டாள். வாதாடத்தானே இலக்கணம் வேண்டும்! 1608-இல் சிவதர்மர் என்ற பண்டிதரிடம் வடமொழி கற்கத் தொடங்கினார். வடமொழியை ஆழ்ந்து கற்ற முதல் ஐரோப்பியர்களுள் ஒருவராக அறிஞர் இவரைக் கருதுகிறார்கள். நாம் ஆலயத்தில் நாள்தோறும் சொல்லும் கோவில், குரு, பூசை, வேதம், அருள் முதலிய சொற்கள் கிறிஸ்தவ வழக்கில் வேரூன்றியதில் இவருக்குப் பெரும் பங்குண்டு. அதற்குமுன் போர்த்துக்கீசியச் சொற்களே மிகுதி. பின்னாளில் "ஞானோபதேசம்", "ஆத்தும நிருணயம்" முதலிய உரைநடை நூல்களையும் எழுதினார்.

இதுவரை கேட்டபோது எங்கள் வகுப்பு முழுவதும் கைதட்டிற்று. அடுத்ததைச் சொன்னபோது அமைதியாகிவிட்டது.

நொபிலி அடிகள் தாம் பரங்கி அல்லர், உரோமை நாட்டு உயர்குலத்தவர், துறவி என்று ஓலையில் எழுதி வாயிலில் வைத்தார். அவர் போர்த்துக்கீசியர் அல்லர் என்பது மெய்தான். ஆனால் அவரைக் கொண்டுவந்த கப்பல் போர்த்துக்கீசியருடையது அல்லவா? உயர்சாதியார் விலகாதிருக்க, அவர் பெர்னாந்தஸ் அடிகளாருடன் உண்ணவில்லை. பகலில் சந்திப்பதையும் தவிர்த்தார்; இருட்டியபின் போய்ப் பார்ப்பார். புதுக் கிறிஸ்தவர்களுக்குத் தனி ஆலயம். கடற்கரைக் கிறிஸ்தவர்கள் அங்கே வருவதில்லை. ஒரே ஊர், ஒரே வேதம், ஒரே சபைக் குருக்கள் இருவர், இரண்டு கோவில்!

பெர்னாந்தஸ் அடிகளார் 1610-இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். வழக்கு கோவாவுக்கும் உரோமைக்கும் ஆண்டுக்கணக்கில் நடந்தது. பதினைந்தாம் கிரகோரியார் என்ற பாப்பரசர் 1623 ஜனவரி 31 அன்று நொபிலியின் முறையைப் பெரும்பாலும் அனுமதித்து ஆணை வெளியிட்டார். பூணூல், குடுமி, சந்தனம், நீராட்டு முதலியவை சமுதாய வழக்கங்களாக இருந்தால் தடையில்லை என்பது அதன் சாரம். அதே ஆணையில், உயர்ந்தோர் தாழ்ந்தோரை இகழலாகாது என்ற வேண்டுகோளும் இருந்தது.

வகுப்பில் இரு கட்சியாகிவிட்டோம். நுழைய வேறு வழியில்லாதபோது கிடைத்த கதவு வழியாக நுழைந்தார், அதில் என்ன குற்றம் என்றார்கள் சிலர். அந்தக் கதவு வேறு யாருக்குச் சாத்தப்பட்டதோ அவர்களைக் கேட்டால் தெரியும் என்றார்கள் சிலர். எங்களுள் பலர் சேரியிலிருந்தும் மலையூர்களிலிருந்தும் வந்து ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பானைச் சோறு உண்பவர்கள். ஆகவே இரண்டாம் கட்சிக்கே குரல் அதிகம். 1640 முதல் பல்தசார் தா கோஸ்தா அடிகளாரும் பின்வந்தவர்களும் பண்டாரசாமிகளாக உடுத்து, எல்லாச் சாதியாரிடமும் போய்வந்தார்கள் என்று அருட்சகோதரி சொன்னபோது சற்றே ஆறுதலாயிருந்தது. நொபிலி அடிகள் உயிரோடிருந்த காலத்திலேயே அந்த மாற்றம் வந்தது.

நம் பக்கத்துச் செய்தி ஒன்றுண்டு. 1623-இல், ஆணை வெளியான ஆண்டிலேயே, அடிகள் மதுரையைவிட்டு வடக்கே நடந்தார். இப்போது நாமக்கல் மாவட்டத்திலுள்ள சேந்தமங்கலத்தைக் கடந்து சேலம் வந்தார். 1965 அக்டோபர் 2 வரை நம் தருமபுரியும் சேலம் மாவட்டமாகத்தானே இருந்தது! சேலத்தில் தங்க இடம் கிடைக்காமல் அல்லற்பட்டார். நாற்பத்தைந்து வயதில் மீண்டும் முதல் நாட்கள். பிறகு அவ்வூர்த் தலைவரின் அண்ணன் திருமங்கல நாயக்கர் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். முதுமையில் கண்பார்வை மங்கி, 1656 ஜனவரி 16 அன்று மயிலாப்பூரில் இறந்தார்.

விடுதியில் ஒருநாள் இரவு இந்த வாதத்தை மீண்டும் தொடங்கினோம். எங்கள் புதுச் சகோதரி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டிருந்தார். அதற்குள் அவருக்குத் தமிழ் பாதி வந்திருந்தது; "ழ" மட்டும் வரவில்லை. நொபிலியா, பெர்னாந்தஸா, நீங்கள் யார் பக்கம் சிஸ்டர் என்று கேட்டோம். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "நொபிலி சாமி மதுரை வந்த முதல் நாள், அவருக்குச் சோறு போட்டது யார்?" என்றார்.

படிப்பு நேர மணி அடித்துவிட்டது.