ரூட் டிரைவ் எழுத மறுத்தால்

லினக்ஸ் கணினியில் இயங்குதளம் குடியிருக்கும் டிரைவுக்கு ரூட் என்று பெயர். அதைப் படிக்க மட்டும் திறப்பதா, எழுதவும் விடுவதா, கோப்பைத் திறந்த நேரத்தைக் குறித்து வைப்பதா என்பவற்றைத் தீர்மானிப்பவை மவுண்ட் ஆப்ஷன்கள். எஃப்எஸ்டேப் என்ற சிறிய உரைக் கோப்பில், ஒவ்வொரு டிரைவுக்கும் ஒரு வரி. அந்த வரியின் ஆறு பகுதிகளில் நான்காவதில் இவை இருக்கும். ஆப்ஷன்களுக்கு இடையே காற்புள்ளி மட்டுமே வரலாம். காற்புள்ளிக்குப் பின் கை தவறி ஓர் இடைவெளி விழுந்தால் போதும், அடுத்த ஆப்ஷன் ஐந்தாம் பகுதிக்குத் தள்ளப்பட்டு வரியே குழம்பிவிடும்.

பெரும்பாலான லினக்ஸ் வகைகளில் ரூட் டிரைவ் இரண்டு கட்டமாக மவுண்ட் ஆகிறது. கோளாறு தேடுபவர் முதலில் மனதில் கொள்ள வேண்டியது இதைத்தான். எஃப்எஸ்டேப் கோப்பே ரூட் டிரைவுக்குள் இருப்பதால், அதைப் படிப்பதற்கு முன்பே டிரைவைத் திறந்தாக வேண்டும். அதனால் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்குத் தரப்படும் கட்டளை வரியைப் பார்த்து முதல் மவுண்ட் நடக்கிறது. வழக்கமாகப் படிக்க மட்டும். கோப்பு முறைமையைச் சோதித்த பிறகு, எஃப்எஸ்டேப்பில் உள்ளபடி ரீமவுண்ட் நடக்கிறது. இந்த இரண்டாம் கட்டம் தவறினால் கணினி ஓரளவு எழுந்து நிற்கும். ஆனால் எதைச் சேமிக்கப் போனாலும் 'ரீட்-ஒன்லி' என்று மறுக்கும்.

எல்லா ஆப்ஷன்களையும் ரீமவுண்டில் மாற்ற முடியாது என்பதுதான் பலரையும் திணறடிக்கும் இடம். இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் ஜர்னல் எழுதும் விதத்தை 'டேட்டா=ரைட்பேக்' என்று எஃப்எஸ்டேப்பில் மாற்றினால், எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாவிட்டாலும் கெர்னல் ஏற்காது; முதல் மவுண்டிலேயே அது முடிவாகிவிட்டது. அதை, பூட் லோடரான கிரப்பின் அமைப்பில் 'ரூட்ஃப்ளாக்ஸ்' வழியாகக் கெர்னலுக்குச் சொல்ல வேண்டும்.

தவறான வரியால் கணினி எமர்ஜென்சி மோடில் நின்றால் பதற வேண்டாம். ரூட் பயனராக நுழைந்து, 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' என்ற கட்டளையால் டிரைவை எழுதத் திறந்து, வரியைத் திருத்தலாம். 'ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை' கட்டளை எஃப்எஸ்டேப்பைச் சரிபார்த்துச் சொல்லும். ரீபூட் செய்வதற்கு முன் அதை ஓட்டிப் பார்ப்பது நல்லது.

ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினி பாதி வேலையில் எழுத மறுத்தால் நோய் வேறு. டெபியனில் இஎக்ஸ்டி4 ரூட் டிரைவுக்கு 'எர்ரர்ஸ்=ரீமவுண்ட்-ஆர்ஓ' என்ற ஆப்ஷன் பெரும்பாலும் நிறுவும்போதே எழுதப்பட்டுவிடுகிறது. கோப்பு முறைமையில் பழுது கண்டால், மேலும் கெடாமல் எழுதுவதை நிறுத்தச் சொல்வது அது. அந்த நிலையில் மேலே சொன்ன ரீமவுண்ட் கட்டளையை வலிந்து கொடுப்பது இருக்கும் தரவையும் பறிகொடுக்கும் வழி. முதலில் 'டிமெசேஜ்' கட்டளையில் கெர்னலின் செய்திகளைப் படிக்க வேண்டும். டிஸ்க்கில் படிப்புப் பிழைகள் தென்பட்டால், முக்கியக் கோப்புகளை வேறொரு டிரைவுக்கு நகலெடுத்த பிறகே மற்ற வேலை. பின்னர் லைவ் யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து, ரூட் டிரைவை மவுண்ட் செய்யாமல் 'எஃப்எஸ்சிகே' ஓட்டலாம்.

கோப்பைத் திறந்த நேரத்தைக் குறிக்க வேண்டாம் என்று சொல்ல, வேகத்துக்காகப் பலர் சேர்க்கும் 'நோஏடைம்' ஆப்ஷன் ஆபத்தில்லாதது. ஆனால் பெரிய ஆதாயத்தை எதிர்பார்க்க வேண்டாம். 2009-இல் வந்த 2.6.30 கெர்னல் முதல் 'ரெல்ஏடைம்' இயல்பாகிவிட்டதால், கோப்பைப் படித்த நேரம் ஒவ்வொரு முறையும் டிரைவில் எழுதப்படுவதில்லை.