குறுக்கெழுத்தில் தோற்றவருக்கு யுத்த வேலை!

"கடலில் போகும். முடிவில் பல் இருக்கும். நான்கு எழுத்து. அது என்ன?"

அப்பா, "சுறா" என்பார். அம்மா, "முதலை" என்பாள். தம்பி எழுத்துக்களை விரல் விட்டு எண்ணிப் பார்ப்பான். "கப்பல்!" என்று கத்துவான். ஆம்! கப்பலின் கடைசி இரண்டு எழுத்து, பல்தானே!

இப்படிச் சொல்லுக்குள் சொல்லை ஒளித்து வைக்கும் குறுக்கெழுத்துப் புதிர் என்றால் இங்கிலாந்து மக்களுக்குக் கொள்ளை ஆசை. அந்த விளையாட்டு ஒரு சமயம் யுத்தத்துக்கே உதவியது!

12 நிமிடம்

1942-ம் ஆண்டு. இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. லண்டன் "டெய்லி டெலிகிராப்" பத்திரிகையின் குறுக்கெழுத்து மிகவும் சுலபம் என்று சிலர் குறை கூறினார்கள். 12 நிமிடத்துக்குள் யாராவது முடித்துக் காட்டினால், தர்ம நிதிக்கு 100 பவுன் தருவதாக ஒருவர் சவால் விட்டார்.

ஜனவரியில், பத்திரிகை அலுவலகத்திலேயே போட்டி நடந்தது. முதலில் முடித்தவர் ஒரு சொல்லில் எழுத்துப்பிழை விட்டுவிட்டார். வெற்றி கை நழுவியது! வேறு நான்கு பேர் ஜெயித்தார்கள். அவர்களில் முந்தியவருக்கு 8 நிமிடம்கூட ஆகவில்லை.

ஸ்டான்லி செட்ஜ்விக் என்பவரும் போட்டிக்கு வந்திருந்தார். கணக்கர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தவர். மணி அடித்தபோது அவருக்கு ஒரே ஒரு சொல் பாக்கி! தோற்று வீடு திரும்பினார்.

ரகசியக் கடிதம்

சில வாரங்கள் சென்றன. ராணுவத்திடமிருந்து அவருக்கு ஒரு ரகசியக் கடிதம் வந்தது. தேசத்துக்கு முக்கியமான வேலை, நேரில் வரவேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அவர் போய்ச் சேர்ந்த இடம் பிளெட்ச்லி பார்க். எதிரியின் ரகசியச் செய்திகளை உடைக்கும் இடம்!

ஜெர்மானியர்கள் "எனிக்மா" என்ற எந்திரத்தால் செய்திகளை மாற்றி அனுப்பினார்கள். ஓர் எழுத்தைத் தட்டினால் வேறு எழுத்து வரும். அதே எழுத்து மட்டும் ஒருபோதும் வராது. அங்கேதான் எதிரி சிக்கினான்! செய்தியில் "வானிலை" போன்ற ஒரு சொல் இருக்கும் என்று ஊகிப்பார்கள். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, அது எங்கே பொருந்தும் என்று பார்ப்பார்கள். குறுக்கெழுத்துக் கட்டத்தை நிரப்புவது போலத்தான்!

தனி ஆளால் ஆகுமா?

இது ஒருவர் மூளையால் மட்டும் ஆகிற காரியம் அல்ல. போலந்து நாட்டுக் கணித மேதைகள் 1932-லேயே எனிக்மாவின் மர்மத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். யுத்தம் மூளுவதற்குச் சில வாரங்களுக்கு முன், 1939 ஜூலையில், அதை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பிளெட்ச்லியில் கணிதம் கற்றவர் ஒருவர், ஜெர்மன் மொழி அறிந்தவர் ஒருவர் என்று ஆயிரக்கணக்கானோர் உழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்! ஒருவருக்குப் புரியாதது அடுத்தவருக்குப் புரிந்தது.

வீட்டில்கூட யாரும் வாய் திறக்கவில்லை. 1974-ல்தான் இந்த ரகசியம் உலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது.

போட்டியில் செட்ஜ்விக்குக்கு ஒரு சொல் குறைந்தது. அங்கே பக்கத்தில் இருந்தவரைக் கேட்கக் கூடாது. பிளெட்ச்லியிலோ கேட்காமல் இருப்பதுதான் தவறு!