பணம் போகாவிட்டாலும் தூக்கம் போகிறது

ஆன்லைன் ரம்மியை முறைப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று 2020 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வலியுறுத்தியது. அந்த நவம்பரிலேயே தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அதையொட்டி வந்த சட்டம் நீதிமன்றத்தில் நிற்காமல் போகவே, 2022-ல் இன்னொன்று வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. நல்ல காரியம். ஆனால் மதுரைப் பக்கம் ஒத்தக்கடையிலும் அவனியாபுரத்திலும் பள்ளிப் பிள்ளைகள் போர்வைக்குள் ஆடுவது பெரும்பாலும் காசு கட்டாத விளையாட்டு. காசு போகவில்லையே என்று பெற்றவர்கள் இருந்துவிடுகிறார்கள். அங்கும் இருப்பது அதே கொக்கிதான்.

எப்போது வரும் என்று தெரியாத பரிசு

கண்மாயில் தூண்டில் போட்டவர் லேசில் எழுந்து வரமாட்டார். அடுத்த நொடியே மீன் சிக்கலாம். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களிடம் இதைக் கண்டார். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரம் விட்டுவிடும். எத்தனையாவது கொத்துக்குத் தீனி என்று தெரியாத புறாவோ கொத்திக்கொண்டே இருக்கும். விளையாட்டில் வரும் பரிசுப் பெட்டி இந்தக் கணக்கில்தான் திறக்கிறது. எதிர்பார்த்ததைவிட நல்லது கிடைக்கும்போது மூளையில் டோபமைன் கூடுகிறது. மறுபடி ஆடத் தூண்டுகிறது. தினமும் வந்தால் பரிசு, ஒருநாள் தவறினால் இழப்பு என்பதும் திட்டமிட்டு வைத்ததே. இத்தனையையும் எதிர்த்து நிற்க முடியாத 13 வயதுப் பிள்ளையை 'மன உறுதி இல்லாதவன்' என்று திட்டுவது அநியாயம்.

பாராட்டு கிடைக்கும் இடம்

தானே முடிவெடுப்பது, திறமை வளர்வதை உணர்வது, கூட்டாளிகளோடு சேர்ந்திருப்பது ஆகிய மூன்றும் மனிதரின் அடிப்படைத் தேவைகள் என்கிறார்கள் உளவியலாளர்கள் டெசியும் ரையனும். மதிப்பெண்ணுக்காக வீட்டிலும் பள்ளியிலும் ஏச்சு வாங்கும் பையனுக்கு இம்மூன்றும் ஒரே திரையில் கிடைத்துவிடுகின்றன. நான்கு பேர் அணியாக ஆடும்போது பாதியில் போனைப் பிடுங்கினால், கூட்டாளிகளைக் கைவிட்டவன் என்ற பேர் அவனுக்கு வந்துவிடும். அவன் கத்துவதற்கு அதுவும் காரணம். "இந்த ஆட்டத்தோட நிறுத்திக்கப்பா" என்று முன்கூட்டியே சொல்லிப் பாருங்கள். சாயங்காலம் தெருவில் கிரிக்கெட் ஆட விடுங்கள். அந்த மூன்றும் அங்கேயும் உண்டு.

பண விளையாட்டுகளுக்குத் தமிழ்நாட்டின் 2025 விதிகள் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டன. வீட்டில் அந்தப் பூட்டை இன்னும் முன்னதாகவே போடலாம். இரவில் போன் கூடத்தில் கிடக்கட்டும், அப்பா அம்மாவின் போனும்தான்.

எப்போது மருத்துவரிடம் போவது?

ஆடுகிற எல்லோரும் நோயாளிகள் அல்ல. நிறுத்த நினைத்தும் முடியாமை, சாப்பாடு, படிப்பு எல்லாவற்றுக்கும் மேலாக விளையாட்டு முந்துதல், கெடுதல் கண்முன் தெரிந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டு நீடித்து அன்றாட வாழ்வைக் குலைத்தால்தான் உலக சுகாதார நிறுவனம் அதை நோய் என்கிறது. 2022 முதல் நடப்பிலிருக்கும் அதன் நோய்ப் பட்டியலில் இது இடம்பெற்றுள்ளது. ஆனால் உதவி கேட்க ஓராண்டு காத்திருக்காதீர்கள். தூக்கம் கெட்டு, பள்ளிக்குப் போக மறுத்தாலே போதும், மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் டெலி மனாஸ் எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம்; 24 மணி நேரமும் உண்டு; தமிழிலேயே பேசலாம்.