படகுக்கு வழிகாட்டும் கம்ப்யூட்டர்: எதை நம்பி வாங்குவது?

நடுக்கடல். நன்றாக இருட்டிவிட்டது. பாய்மரப் படகு ஒன்று மணிக்கு சுமார் 35 கிலோ மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தது.

திடீரென்று "மடார்" என்று ஒரு சத்தம்! படகு பவழப்பாறையில் மோதி நின்றுவிட்டது.

படகின் பெயர் "வெஸ்டாஸ் விண்ட்". 2014-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி நடந்தது இது. உலகைச் சுற்றி வரும் "வால்வோ" படகுப் போட்டியில் அது கலந்துகொண்டது. தென் ஆப்பிரிக்காவில் உள்ள கேப்டவுனில் இருந்து அபுதாபிக்குப் போய்க்கொண்டிருந்தது. இந்துமாக்கடலில், மொரீசியஸ் தீவுக்கு வடகிழக்கே உள்ள பவழத் திட்டில் சிக்கிக்கொண்டது.

படகில் 9 பேர் இருந்தார்கள். நல்ல வேளை, ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. படகை விட்டு இறங்கி, பாறைத் திட்டில் ஒதுங்கி, மறுநாள் தப்பினார்கள்.

படகில் கம்ப்யூட்டர் இல்லையா? இருந்தது! கடல் வரைபடம் இல்லையா? அதுவும் இருந்தது! அந்த வரைபடத்தில் பாறையும் இருந்தது!

பிறகு ஏன் மோதியது?

சிறிதாக்கினால் மறையும்

கம்ப்யூட்டரில் உள்ள வரைபடத்தைப் பெரிதாக்கியும் பார்க்கலாம், சிறிதாக்கியும் பார்க்கலாம். பெரிதாக்கினால் சின்னப் பாறைகூடத் தெரியும். சிறிதாக்கினால், இடம் போதாமல் பல விவரங்கள் மறைந்துவிடும்.

படகில் இருந்தவர்கள் பார்த்த அளவில், அந்த இடத்தில் 40 மீட்டர் ஆழம் இருப்பதாகத் தெரிந்தது. பாறை கண்ணில் படவில்லை.

இதுபற்றி விசாரித்த குழு 2015-ம் ஆண்டில் அறிக்கை கொடுத்தது. வரைபடத்தைச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்று அது சொன்னது. சிறிதாக்கிய வரைபடத்தில் ஆபத்தைக் காட்டும் முறையிலும் குறை இருக்கிறது என்று சொன்னது.

கைதேர்ந்த மாலுமிகளுக்கே இந்தக் கதி. அப்படியானால், சொந்தப் படகில் மனைவி மக்களோடு கடலில் போகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! அமெரிக்காவிலும், ஐரோப்பாவிலும், ஆஸ்திரேலியாவிலும் படகையே வீடாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. "எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது? எந்த வரைபட மென்பொருள் நல்லது?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

மூன்றும் வேண்டும்

படகுக்கு வழி தெரிய மூன்று பொருட்கள் வேண்டும்.

முதலாவது, "ஜி.பி.எஸ்." கருவி. பூமிக்கு மேலே சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் செயற்கைக் கோள்கள் சுற்றுகின்றன. குறைந்தது 4 கோள்களின் சைகை கிடைத்தால், படகு எங்கே இருக்கிறது என்று இந்தக் கருவி சொல்லிவிடும்.

இரண்டாவது, கடல் வரைபடம். எங்கே ஆழம், எங்கே பாறை, எங்கே கலங்கரை விளக்கம் என்று அது காட்டும்.

மூன்றாவது, இந்த இரண்டையும் சேர்த்துத் திரையில் காட்டும் மென்பொருளும், அது ஓடும் கம்ப்யூட்டரும்.

மூன்றில் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டால் பயன் இல்லை.

வரைபடம் இரண்டு வகை

காகித வரைபடத்தை அப்படியே படம் பிடித்து வைப்பது ஒரு வகை. பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அதே படம்தான்.

மற்றொரு வகையில் பாறை, ஆழம், விளக்கு ஒவ்வொன்றும் தனித்தனியே பதிவாகி இருக்கும். பெரிதாக்கப் பெரிதாக்க விவரம் கூடும். இன்று அதிகம் பயன்படுவது இதுதான். பாறை மறைந்துபோகும் ஆபத்தும் இதில்தான் இருக்கிறது.

ஆகவே புறப்படும் முன், போகும் வழி முழுவதையும் பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும். ஓர் அங்குலம்கூட விடக்கூடாது.

அமெரிக்கக் கடல்களுக்கான மின்னணு வரைபடங்களை, அந்நாட்டு அரசின் "நோவா" அமைப்பு இலவசமாகவே கொடுக்கிறது. இந்தியக் கடல்களின் வரைபடங்களைத் தயாரிப்பது, டேராடூனில் உள்ள தேசிய கடல் வரைபட அலுவலகம். தனியார் கம்பெனிகளும் விற்கின்றன.

ஒன்றை மறக்கக்கூடாது. வரைபடம் புதிதாக இருக்கலாம். ஆனால் கடலை அளந்தது பழைய காலமாக இருக்கலாம். கயிற்றில் ஈயக் குண்டைக் கட்டி ஆழம் பார்த்த காலத்துக் கணக்கு இன்னும் பல இடங்களில் இருக்கிறது.

எந்த மென்பொருள்?

"ஓப்பன் சி.பி.என்." என்ற மென்பொருளுக்குப் படகுக்காரர்களிடம் நல்ல பெயர். விலை கிடையாது, இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

எதை வாங்கினாலும் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா? நடுக்கடலில் இன்டர்நெட் கிடைக்கும் என்று நம்பி இறங்கக்கூடாது.

நீங்கள் போகும் கடலுக்கு வரைபடம் உண்டா? என்ன விலை? மென்பொருள் மலிவாக இருக்கும்; வரைபடத்தில் பணத்தைக் கறந்துவிடுவார்கள்.

ஒரே வரைபடத்தை இரண்டு கம்ப்யூட்டர்களில் போட அனுமதி உண்டா? ஒன்று கெட்டால் மற்றது கைகொடுக்க வேண்டும் அல்லவா!

பக்கத்தில் வரும் கப்பல்களைத் திரையில் காட்டுமா? பெரிய கப்பல்கள் தங்கள் பெயர், இடம், வேகம் எல்லாவற்றையும் ரேடியோ மூலம் ஓயாமல் அறிவிக்கின்றன. இதற்கு "ஏ.ஐ.எஸ்." என்று பெயர். அதைப் பிடிக்கும் கருவியைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால், இருட்டிலும் கப்பல் வருவது தெரியும்.

கம்ப்யூட்டருக்கு மூன்று பகைவர்கள்

உப்புத் தண்ணீர், ஆட்டம், மின்சாரப் பஞ்சம் ஆகிய மூன்றும் படகுக் கம்ப்யூட்டரின் பகைவர்கள்.

விசிறி வைத்த கம்ப்யூட்டர், உப்புக் காற்றை உள்ளே இழுத்துத் தன்னையே கெடுத்துக்கொள்ளும். விசிறி இல்லாததே நல்லது. உள்ளே தட்டு சுழலும் பழைய வகை ஹார்டு டிஸ்க் வேண்டாம். படகு ஆடும் ஆட்டத்தில் அது கெட்டுப்போகும். அசையும் பாகமே இல்லாத "எஸ்.எஸ்.டி." வகையே ஏற்றது.

மின்சாரத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,200 வாட்-மணி மின்சாரம் இருக்கும். சாதாரண ஈய பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் உள்ளது 600.

மடிக்கணினி 50 வாட் குடித்தால், 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். "ராஸ்பெர்ரி பை" போன்ற உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரும் சிறு திரையும் சேர்ந்து 15 வாட் எடுத்தால், 40 மணி நேரம் ஓடும். விளக்குக்கும் ரேடியோவுக்கும் அதே பாட்டரிதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தண்ணீர் புகாத, வெயிலிலும் தெரியும் தனிக் கருவிகளும் உண்டு. "சார்ட் பிளாட்டர்" என்பார்கள். அதைச் சுக்கான் அருகிலும், கம்ப்யூட்டரை அறைக்குள்ளும் வைப்பவர்கள் பலர்.

வழி காட்டும் கம்ப்யூட்டரில் குழந்தைகள் விளையாட்டும், சினிமாவும் வேண்டாம். தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் வசதியை நிறுத்திவையுங்கள். துறைமுக வாசலில் திரை அணைந்து, "சற்றுப் பொறுக்கவும்" என்றால் என்ன செய்வது?

அறுந்த கம்பி

கருவி கெட்டால்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கெட்டது தெரியாமல் இருப்பது பெரிய ஆபத்து!

1995-ம் ஆண்டு ஜூன் மாதம் "ராயல் மெஜஸ்டி" என்ற உல்லாசக் கப்பல், பெர்முடா தீவில் இருந்து அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குப் புறப்பட்டது. கப்பலில் 1,500-க்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

புறப்பட்ட சிறிது நேரத்தில் ஜி.பி.எஸ். ஏரியலின் கம்பி கழன்றுவிட்டது. கருவி நிற்கவில்லை. வேகத்தையும் திசையையும் வைத்துத் தானாகவே ஓர் இடத்தைக் கணக்குப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தது. "இது உத்தேசக் கணக்கு" என்பதைச் சிறிய எழுத்தில் திரையில் காட்டியது. யாரும் கவனிக்கவில்லை.

சுமார் ஒன்றரை நாள் கப்பல் இப்படியே போயிற்று. 17 மைல் விலகி, நான்டுக்கெட் தீவுக்கு அருகே மணல் திட்டில் ஏறி நின்றது! உயிர்ச்சேதம் இல்லை.

கப்பலில் வேறு வழிகாட்டும் கருவியும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் தவறு தெரிந்திருக்கும்.

செய்ய வேண்டியவை

கம்ப்யூட்டரைக் கடைசி நேரத்தில் வாங்காதீர்கள். சில வாரங்களுக்கு முன்பே வாங்கி, கரையிலேயே பழகுங்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவர் நோயில் படுத்தால், மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் படகைக் கரை சேர்க்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தனி பாட்டரியில் ஓடும் கையடக்க ஜி.பி.எஸ். ஒன்று கட்டாயம் வேண்டும். மின்னல் வெட்டும்போது அதை ரொட்டி சுடும் இரும்பு அடுப்புக்குள் வைத்துப் பாதுகாப்பது படகுக்காரர்கள் வழக்கம்.

மணிக்கு ஒரு முறை, படகு இருக்கும் இடத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எல்லாக் கருவியும் கெட்டாலும், கடைசியாக எங்கே இருந்தோம் என்பது தெரியும். காகித வரைபடமும் திசைகாட்டியும் இருந்தால், அங்கிருந்து வழி பிடிக்கலாம்.

ஆழம் காட்டும் கருவியையும் அடிக்கடி பாருங்கள். திரை 40 மீட்டர் என்று சொல்லி, ஆழம் காட்டும் கருவி 10 மீட்டர் என்று சொன்னால், உடனே வேகத்தைக் குறையுங்கள். எது சரி என்ற ஆராய்ச்சியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விலை உயர்ந்த கம்ப்யூட்டர் ஒன்றைவிட, சாதாரணக் கம்ப்யூட்டர் இரண்டு மேல். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எதையும் நம்பக் கூடாது. கம்ப்யூட்டர் வழியைக் காட்டும். படகை ஓட்டுகிறவர்தான் விழித்திருக்க வேண்டும்!